சுதந்திரமும் சுதந்தரமும்: மரபணு ஆராய்ச்சிக்கான தேசிய அறநெறி வழிகாட்டுதல்கள் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

மனிதர் பங்கேற்கும் உயிரியல் மருத்துவ, சுகாதார ஆராய்ச்சிகளுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டில் தேசிய அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் மட்டுமே உரிய நூல் இது என்று எண்ணி ஆயர்கள் இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. மரபணு ஆராய்ச்சி இன்று பெருநகர மருத்துவமனைகளின் எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. 2020இல் தொடங்கப்பெற்ற ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கட்குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்து முடித்துள்ளது. அத்தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. 2023 ஜூலை முதல் நாளில் தொடங்கிய தேசிய அரிவாளணு சோகை ஒழிப்பு இயக்கம் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. நம் சபையார் பலர் இவற்றுள் ஏதேனும் ஒன்றினுக்கு ஒருநாள் இரத்தம் கொடுக்கக்கூடும். அந்நாளில் அவர்கள் அருகே நிற்கும் ஆயர் எதனைக் காத்து நிற்பார்? இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே.

வேதாகமத் தமிழில் ‘சுதந்தரம்’ என்பது பிதாக்களிடமிருந்து பெற்றுப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் உரிமைப்பொருளைக் குறிக்கும். நாள்வழக்கில் ‘சுதந்திரம்’ என்பது தன் விருப்பின்படி தான் முடிவெடுக்கும் விடுதலையைக் குறிக்கும். ஓசையில் நெருங்கிய இவ்விரு சொற்களும் பொருளில் வெவ்வேறு. நம்முன் உள்ள வழிகாட்டுதல்கள் மனிதனின் சுதந்திரத்தை நன்கு அறிந்துள்ளன. அவனுடைய சுதந்தரத்தைப் போதிய அளவு அறியவில்லை. மரபணுவோ முதன்மையாகச் சுதந்தரமாகும்.

1. நூலின் சிறப்பு

இவ்வழிகாட்டுதல்களின் வரலாறு மதிக்கத்தக்கது. நாட்சி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1947இல் வகுத்த நெறிகளும், உலக மருத்துவர் சங்கம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கி அறிக்கையும் இவற்றின் முன்னோடிகள். நம் நாட்டில் நீதிபதி எச். ஆர். கன்னா தலைமையில் உருவான கொள்கை அறிக்கை 1980இல் வெளிவந்தது. நீதிபதி எம். என். வெங்கடாசலையா தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களைத் தந்தது. அவை 2006இலும் 2017இலும் திருத்தி விரிக்கப்பட்டன. தொடக்கத்தில் மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படும் பொருளாகச் சுட்டிய தலைப்பு, பின்னர் அவர்களைப் பங்கேற்பாளர் என்று அழைக்கலாயிற்று. இது வெறும் சொல்மாற்றமன்று. மனிதன் கருவியாக மட்டும் கையாளப்படலாகாது என்னும் ஒப்புகை அதில் அடங்கியுள்ளது; மனிதனைத் தேவசாயலாகக் காணும் நமக்கு அது உவப்பானதே.

பன்னிரண்டு பகுதிகள் கொண்ட 2017ஆம் ஆண்டு நூலில் பத்தாவது பகுதி மரபணுப் பரிசோதனையையும், பதினோராவது பகுதி இரத்தம், திசு முதலியவற்றைச் சேமிக்கும் வங்கிகளையும் தரவுத் தொகுதிகளையும் பற்றியன. தன்னுரிமை, நன்மை செய்தல், தீமை செய்யாமை, நீதி என்னும் நான்கு அடிப்படைகளின்மேல் நூல் முழுவதும் எழுப்பப்பட்டுள்ளது. எளிதில் பாதிக்கப்படக்கூடியோருக்குத் தனிப்பகுதி உண்டு. சமுதாயத் தலைவரின் இசைவு தனி ஆளின் இசைவுக்கு ஈடாகாது என்று தெளிவுறக் கூறப்பட்டுள்ளது.

ஆராய்ச்சியே தீது என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்துண்ட ஏழை நோயாளரும் காசநோய் விடுதியில் தங்கியோரைப்போலவே குணமடைந்தனர் என்று 1959இல் நிறுவியது. விடுதியில் இடம் கிடையாத ஏழைகளுக்கு உலகெங்கும் சிகிச்சையின் வாயிலைத் திறந்த ஆய்வு அது. நம் காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாமை நோயுள்ள ஐவருக்கு அவரவர் குருத்தணுக்களிலேயே நல்ல மரபணுவைச் சேர்த்துச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. ஆகவே நம் வினா ஆராய்ச்சி வேண்டுமா என்பதன்று. யார் சுமந்து யார் பயன்பெறுகின்றனர் என்பதே.

2. கையொப்பம் யாருடையது?

இசைவு என்பது தாளில் ஒருமுறை இடப்படும் கையொப்பமன்று, தொடர்ந்து நடைபெறவேண்டிய ஓர் உரையாடல் என்று நூல் போதிக்கிறது. நடைமுறையில் அது எவ்வாறு சிதைகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். 2009இல் அன்றைய ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுள்ள சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் போடப்பட்டது. அவர்களுள் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. 9,543 இசைவுப் படிவங்களுள் 1,948இல் பெருவிரல் ரேகைகளே இருந்தன. 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். தடுப்பூசி நல்லதா என்பது இங்கு வழக்கன்று. அது உலகின் பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது. பெற்றோர் உயிரோடிருக்க, அவர்கள் பிள்ளைக்காக வேறொருவர் கையொப்பமிட்டதே வழக்கு.

விடுதிக் காப்பாளர் என்னும் சொல்லைக் கேட்கையில் திருச்சபை தன்னை நோக்கவேண்டும். விடுதிகளும் அநாதை இல்லங்களும் பள்ளிகளும் நம்மிடம் ஏராளம். அவற்றின் தாளாளராகவும் காப்பாளராகவும் பெரும்பாலும் ஆயரே இருக்கிறார். ஒரு மக்களிடம் செல்ல விரும்பும் ஆய்வாளர், அம்மக்களுக்கு முன்நிற்கும் மதிப்புடையோரின் அனுமதியை முதலில் நாடுவது வழக்கம். அவ்வாறு வாயிலில் நிற்போருள் ஆயரும் ஒருவர். திருவெள்ளறையைச் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபை ஒன்றுக்கு இரத்தப் பரிசோதனை முகாம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆராதனை முடிவில் ஆயர் அறிவிப்புச் செய்கிறார். சபையார் வரிசையில் நிற்கின்றனர். அவர்கள் நம்பியது படிவத்தையா, ஆயரையா? வயல்வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர் எட்டுப் பக்கப் படிவத்தை வாசித்து இசைந்தார் என்று எவரும் நம்பமாட்டார். ‘ஐயர் சொன்னார், கொடுத்தேன்’ என்பதே அவருடைய இசைவு. அங்ஙனமாயின் அப்படிவத்தின் முழுப்பொறுப்பும் ஐயரின் தலைமேல் வந்து நிற்கிறது. வழிகாட்டுதல்கள் இப்பொறுப்பைக் குறிப்பிடுகின்றனவேயன்றி, வாயிலில் நிற்போர் பின்னர் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்பதைத் தெளிவாக்கவில்லை. நூலின் முதற்குறை இது.

3. நாபோத்தின் திராட்சத்தோட்டம்

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இசைவைத் தனி மனிதனின் உரிமையாகவே நூல் கருதுகிறது. என் மரபணுவோ என்னுடையது மட்டுமன்று. அதன் பாதியை என் தாயும் பாதியை என் தந்தையும் தந்தனர். என் உடன்பிறந்தாரிடமும் பிள்ளைகளிடமும் அதன் பகுதிகள் உள்ளன. நான் ஒருவன் இசைந்து இரத்தம் கொடுக்கையில், இசையாத உறவினரைப் பற்றியும் ஏதோ ஒன்று ஏட்டில் எழுதப்பட்டுவிடுகிறது.

இங்கு 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம் நமக்குத் துணைசெய்கிறது. ஆகாப் அரசன் நாபோத்தை முதலில் ஏமாற்றவில்லை. அதனினும் நல்ல தோட்டமோ நியாயமான விலையோ தருவதாகவே கேட்டான். இன்றைய அளவுகோலின்படி அது முறையான கோரிக்கை. விருப்பமானால் இசையலாம், இல்லையேல் மறுக்கலாம். நாபோத்து மறுத்த காரணமே கவனித்தற்குரியது. தோட்டம் எனக்கு வேண்டும் என்று அவன் வாதாடவில்லை. அது பிதாக்களின் சுதந்தரம். ஆகவே விற்க எனக்கு உரிமையில்லை என்பதே அவன் நிலை. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் நில ஒழுங்கு அவன் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. நில உரிமையாளன் அங்கே காவலனே அன்றி வணிகனல்லன்.

அதிகாரத்தின் பிற்பகுதியில் ஆயருக்குரிய எச்சரிக்கை உள்ளது. யேசபேல் அரசனின் பெயரால் கடிதம் எழுதி, அவன் முத்திரையை இட்டு, நாபோத்தின் ஊர் மூப்பருக்கு அனுப்பினாள். மூப்பர்கள் எழுதியபடியே செய்தனர். அரசனும் அரசியும் நாபோத்தைத் தொடவில்லை. அவனை அறிந்த ஊரார் வழியாகவே காரியம் முடிந்தது. முத்திரை இருந்தது, சாட்சிகள் இருந்தனர், உபவாசமும் கூறப்பட்டது. முறைகள் யாவும் நிறைவேறின, நீதி மட்டும் அங்கில்லை. முறைமை நிறைவேறிய இடத்தில் நீதியும் நிறைவேறிற்று என்று கொள்ளும் மனப்பான்மையைத் தீர்க்கதரிசனம் இங்கே கண்டிக்கிறது.

2017ஆம் ஆண்டு நூல் பலவகை இசைவுகளை எண்ணிக்காட்டுகிறது. அவற்றுள் ஒன்று, கொடுத்த இரத்தத்தைப் பின்னர் எந்த ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்னும் பரந்த இசைவு. ஆய்வாளருக்கு அதன் வசதி பெரிது. ஆயினும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹவசுப்பாய் என்னும் பூர்வகுடியினருக்கு நேர்ந்ததை நினைவுகூர வேண்டும். 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி அவர்கள் தந்த இரத்தம், அவர்கள் அறியாமலே மனநோய் பற்றியும் அக்குடியின் பூர்விக இடப்பெயர்ச்சி பற்றியும் ஆராயப் பயன்பட்டது. தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று முன்னோர் சொல்லிவந்த வரலாற்றையே அது மறுப்பதாயிற்று. வழக்கு 2010இல் இணக்கமாக முடிந்தது. பல்கலைக்கழகம் 7 இலட்சம் டாலர் அளித்து, எஞ்சிய இரத்த மாதிரிகளைத் திருப்பித் தந்தது. அந்த இரத்தத்தை அவர்கள் தங்கள் முன்னோரின் பகுதியாகக் கருதினர். நாபோத்து இதனை உடனே விளங்கிக்கொண்டிருப்பான்.

4. நீலகிரி நமக்குக் கற்பிப்பது

இத்தகைய நிகழ்ச்சி வெளிநாட்டிற்கே உரியதன்று. இந்தியாவில் அரிவாளணு மரபுக்கூறு முதன்முதல் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று நம் நீலகிரி. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து இதனை வெளியிட்டனர். அவ்வாய்வை வழிநடத்திய வினா எது? தென்னிந்தியச் சமுதாயங்களை இரத்தவகையாலும் இம்மரபுக்கூற்றாலும் எவ்வாறு பிரித்து வகைப்படுத்தலாம் என்பதே. இக்குடியினர் யாருக்கு இனத்தார் என்று அறிவியல் கேட்டது. இவர்கள் பிள்ளைகள் எலும்பில் தாங்கும் வலி எத்தகையது என்பது அன்றைய முதல் வினாவாக இல்லை. அவ்வாய்வாளரைத் தீயோர் என்று தூற்றுவது நம் நோக்கமன்று. அக்காலத்து அறிவியலின் பொதுவினா அதுவாக இருந்தது. எனினும் கேட்கப்படும் வினாவே அறத்தின் முதற்படி என்பதை இது காட்டுகிறது.

கூடலூர் பகுதியில் பழங்குடியினருக்கான அஸ்வினி என்னும் சுகாதார அமைப்பு தொடங்கியது 1990இல். பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றி, அரிவாளணு நோயாளரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் பணி அங்கு நடைபெறுகிறது. கண்டுபிடிப்புக்கும் அந்தத் தொடக்கத்துக்கும் இடையே 38 ஆண்டுகள் சென்றன. அதே குருதிதான், அதே மலைதான். முதலாவது பணி அறிவைப் பெற்றுக்கொண்டு சென்றது. இரண்டாவது பணி அம்மக்களோடு தங்கிற்று. இசைவு என்னும் சொல்லைவிட உடன்படிக்கை என்னும் சொல் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். இசைவு கொடுத்தவுடன் முடிகிறது; உடன்படிக்கையில் இருசாராரும் காலம் கடந்தும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருக்கின்றனர். ஆய்வின் பயனைச் சமுதாயத்தோடு பகிரவேண்டும் என்று வழிகாட்டுதல்கள் கூறுவது உண்மையே. ஆனால் யார், எவ்வளவு, எக்காலத்திற்குள் என்பவை இல்லாத அறிவுரை, ஏழையின் கையில் பணமாக்க இயலாத காசோலையாகும்.

5. சட்டத்தின் இடைவெளி

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள் அறநெறிக் குழுக்களைப் பதிவுசெய்யக் கட்டளையிட்டு, இவ்வழிகாட்டுதல்களுக்கு ஓரளவு சட்டவலிமை தந்தன. எனினும், பரிசோதனைக்குப்பின் ஒருவரது மரபணுநிலையைக் காரணங்காட்டி வேலையோ காப்பீடோ மறுப்பதைத் தடுக்கும் தனிச்சட்டம் நமக்கில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளோரை வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேறுபடுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. மரபணுவுக்கு அத்தகைய அரண் எழுப்பப்படவில்லை. அமெரிக்கா 2008இல் காப்பீட்டிலும் வேலையிலும் இத்தகைய பாகுபாட்டைத் தடுத்துச் சட்டமியற்றியது. 2018இல் தில்லி உயர் நீதிமன்றம், மரபுவழி இதயநோயைக் காட்டிக் காப்பீட்டுத் தொகையை மறுத்த நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, ஆயினும் ஒரு வழக்கின் தீர்ப்பு சட்டமன்றங்களின் கடமையை நிறைவேற்றிவிடாது.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, விதிக்கப்படும் தரங்களுக்கு உட்பட்டு, ஆராய்ச்சிக்காகத் தரவைக் கையாளுவதற்கு விலக்கு அளிக்கிறது. மரபணுத் தரவுக்கெனத் தனிக்காப்பு அதில் இல்லை.

அந்தரங்கம் மேனாட்டார் இறக்குமதி, நம் ஊர்க்கூட்டு வாழ்வுக்கு அந்நியமானது என்று சிலர் கூறக் கேட்கிறோம். அவர்கள் திருவெள்ளறைக்கு வந்து, கோயிலுக்கு அருகிலுள்ள மார்ப்பிடுகு பெருங்கிணற்றைக் காணலாம். பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்தது அது. நாற்புறமும் படித்துறைகள் மடங்கித் திரும்புவதால், ஒரு துறையில் நீராடுவோரை மற்றொரு துறையில் இருப்போர் காண்பதில்லை என்று ஊரார் சொல்வர். மாமியார் மருமகள் கிணறு என்னும் வழக்குப் பெயரும் அதனால் வந்தது. நீர் பொது, அதில் இறங்குவோரின் மறைவு அவரவருக்கு உரியது. மரபணு அறிவையும் இவ்வாறே அமைக்கலாம். அறிவின் பயன் ஊருக்குப் பொதுவாகட்டும். இன்னார் இன்ன கூறு உடையார் என்பது ஊர்க்கண்ணில் படாதிருக்கட்டும்.

6. மணவறையும் மரபணு அட்டையும்

அரிவாளணு இயக்கத்தில் பரிசோதிக்கப்பட்டவருக்கு அவரது மரபணுநிலையைக் காட்டும் அட்டை வழங்கப்படுகிறது. இக்கூற்றைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே மணத்திற்குமுன் அட்டைகளை ஒப்பிடுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் ஜாதகப் பொருத்தத்தை மறுத்துப் பிரசங்கித்த திருச்சபை, அதன் இடத்தில் குருதிப் பொருத்தத்தை அமர்த்திவிடுமோ என்னும் அச்சம் நமக்குண்டு.

கிரேக்க நாட்டின் ஒர்க்கோமெனோஸ் என்னும் ஊரில் இதே அரிவாளணுக் கூற்றுக்காக மக்கள் முன்னரே சோதிக்கப்பட்டனர். 1970களில் வெளியான ஆய்வு கண்டது இது: கூற்றைச் சுமப்போர் இழிவாகக் கருதப்பட்டனர், மணப்பேச்சில் பலர் தம் நிலையை மறைத்தனர். அறிவு வந்தது, அன்பு அதனுடன் வரவில்லை. சைப்ரஸ் தீவின் நிகழ்ச்சி வேறு பாடம் தருகிறது. ஏறத்தாழ ஏழில் ஒருவர் தலசீமியாக் கூற்றைச் சுமக்கும் அந்நாட்டில், 1980களிலிருந்து ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மணமக்களிடம் ஒரு சான்றிதழ் கேட்டுவந்தது. அவர்கள் சோதிக்கப்பட்டு ஆலோசனை பெற்றனர் என்பதை மட்டுமே அது கூறும். முடிவு என்னவென்பதைக் கூறாது. மணப்பதோ விடுவதோ அவர்கள் உரிமை. கருவறைச் சோதனையும் அதனைத் தொடர்ந்த கருக்கலைப்பும் அங்கும் கடினமான வினாக்களை எழுப்பின. அவை தனியே ஆராயத்தக்கவை. ஆயினும் ஆயர் முடிவை அறிய வேண்டுவதில்லை என்னும் ஒழுங்கு நமக்கு முன்மாதிரியாகும்.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நம் சபைகளிலும் நீடிப்பதால், மறைந்திருக்கும் மரபுக்கூறுகள் பழங்குடியினரின் பிரச்சினை மட்டுமல்ல. ஓலை வாசிக்கப்படுமுன் இதைப்பற்றி அறிவுரை கூறுவது ஆயரின் கடமையே. ஆனால் நோயுள்ள குழந்தை பிறந்த வீட்டில் அவர் பேசவேண்டியது வேறு. யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள் பிறவிக் குருடனைக் கண்டதும் பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று வினவினர். ஆண்டவர் அவ்வினாவையே ஏற்கவில்லை. இன்று அவ்வினா அறிவியல் உடையணிந்து, யாருடைய மரபணு என்னும் வடிவில் வீட்டுக்குள் வருகிறது. பெரும்பாலும் மருமகளை நோக்கியே விரல் நீள்கிறது. இருவரிடமிருந்தும் வந்தாலன்றி அந்நோய் வராது என்னும் அறிவியல் உண்மையை அங்கே எடுத்துரைப்பதும் நற்செய்திப் பணியே.

7. முடிவுரை

நாடாளுமன்றம் செய்யவேண்டியதை நாம் செய்ய இயலாது. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென்று குரல் கொடுக்க இயலும். அதற்கிடையே ஆயரின் எல்லைக்குட்பட்ட கடமைகள் சில உண்டு. சபையாருக்காகவும் விடுதிப் பிள்ளைகளுக்காகவும் அவர் ஒருபோதும் கையொப்பமிடலாகாது. ஆராதனைக்குப் பின்னர் அங்கேயே இரத்தம் எடுக்க இடங்கொடாமல், வீட்டாரோடு கலந்துபேசச் சில நாட்கள் கேட்கவேண்டும். படிவத்தைத் தமிழில் வாசித்து விளக்கும்படி ஆய்வாளரையே அழைக்கவேண்டும். இரத்தம் எங்கே சேமிக்கப்படும், வேறு எதற்குப் பயன்படும், முடிவை யார் வந்து சொல்வார், நோய் கண்டால் மருந்து எங்கே கிடைக்கும் என்று சபையார் முன்னிலையில் கேட்கவேண்டும். மறுப்பவர் எவ்வகையிலும் குறைவாக எண்ணப்படார் என்று அவரே அறிவிக்கவேண்டும். யாருடைய அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாகாது.

2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் நல்ல நூல். இறையியல் மாணவர் யாவரும் அதன் பத்தாம், பதினோராம் பகுதிகளையேனும் கற்கவேண்டும். அது வேண்டும் என்று கூறுபவற்றை நாமும் வேண்டும் என்கிறோம். அது விட்டுவிட்ட இடத்தில் திருச்சபை சாட்சியாக நிற்கவேண்டும். நாபோத்தின் ஊரில் மூப்பர் பலர் இருந்தனர். முத்திரையிட்ட கடிதத்தைத் திருப்பியனுப்பியவர் ஒருவரும் இல்லை.